இருபது மனந்திறப்பு

சேலத்தில் ஒரு காலேஜில் பேணுநர் திட்டம் வந்த வருஷம், சீனியர் இன்டர்மீடியட் வகுப்பில் நூற்று இருபத்து நான்கு பேர் படித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அதுவரை மனம் திறக்கவில்லை என்று பிரின்ஸிபால் மருதாசலம் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்றே கூட்டம் போட்டார்.

“நான் சீமையில் மூன்று வருஷம் படித்தேன். அங்கே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பெரியவரை நியமித்துவிடுவார்கள். எனக்கு நியமித்தவர் என்னை மூன்று தடவை டீ குடிக்கக் கூப்பிட்டார். இரண்டு தடவை நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. மூன்றாம் தடவை என்னை வேறொரு பையன் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். இன்றைக்கு நான் இந்த நாற்காலியில் இருப்பதற்குக் காரணம் அந்த உறவுதான்.”

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர்களுடைய பெயரை ஹெட் கிளார்க் காளியண்ணன் எழுதிக்கொண்டார்.

தமிழ்ப் பண்டிதர் பெயர் வைத்துக் கொடுத்தார். ஆசிரியர் பேணுநர், மாணவன் பேணப்படுநர். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் அது ஒரு மனந்திறப்பு. வருஷத்துக்கு இருபது மனந்திறப்பு ஆகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், படிவத்துக்கு மூன்று நகல். மாணவனுடைய சிரமம் என்ன, அதற்குக் காரணம் என்ன, சொன்ன ஆலோசனை என்ன, கண்ட குணம் என்ன என்று நான்கு கட்டம். இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் யுனிவர்ஸிடிப் பரீட்சை விண்ணப்பத்தில் பிரின்ஸிபால் கையெழுத்துப் போடமாட்டார்.

பேணுவதற்கு ஆறு ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவருக்குக் காது மந்தம். அவரிடம் மனம் திறந்தால் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் கேட்கும் என்று விட்டுவிட்டார்கள். ஒருவர் பிரின்ஸிபாலுக்கு மைத்துனர்; அவருக்கு நேரம் இல்லை. இரண்டு பேர் உடனே மருத்துவ லீவு எடுத்தார்கள். மிச்சம் இரண்டு பேர். அதில் லாஜிக் ஆசிரியர் வெங்கடாசலத்துக்கு அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஆளுக்கு நான்கு நிமிஷம் என்று கணக்குப் போட்டு, நான்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி அடிக்க ஏற்பாடு ஆயிற்று.

பெயர் வரிசையில் முதல் ஆள் அர்த்தநாரி.

அர்த்தநாரிக்கு ராசிபுரம். நெசவாளர் தெருவில் வீடு. அப்பா இல்லை. அம்மா அங்கம்மாளும் மாமனும் தறி ஓட்டி அவனை அனுப்பியிருந்தார்கள். அனுப்பும்போதே அங்கம்மாள் சொல்லிவிட்டாள்: “ரெண்டு வருசம் உட்டிருக்கறேன் சாமி. உன்ற மாமன் அதுக்கு மேல பொறுக்கமாட்டாரு. மூணாவது வருசம் தறிக்குழிதான்.” இது இரண்டாவது வருஷம். இந்தப் பங்குனியில் பரீட்சை எழுதினால் உண்டு. இல்லாவிட்டால் படிப்பு அதோடு சரி.

முதல் மணி அடித்தது. வெங்கடாசலம் பேனாவைத் திறந்துகொண்டு, உன் சிரமம் என்ன என்று கேட்டார். அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

“லாஜிக்தானுங்க சார். நீங்க நடத்தறது ஒண்ணும் புரியலீங்க.”

வெங்கடாசலம் பேனாவை மூடினார். உள்ளதைச் சொன்னால், அதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. எந்த இடத்தில் புரியவில்லை என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் நின்ற காளியண்ணன் சுவரைக் காட்டினார். அங்கீகரிக்கப்பட்ட சிரமங்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. வீட்டு நினைவு, கெட்ட சகவாசம், நாவல் படித்தல், டாக்கிப் படம் பார்த்தல், காப்பி மிகுதி, பகல் தூக்கம், கடவுள் உண்டா என்ற சந்தேகம் என்று இந்தமாதிரி மொத்தம் பதினொன்று. பாடத்தில் சந்தேகம் அதில் இல்லை. அதை வகுப்பில்தான் கேட்கவேண்டும் என்றார் காளியண்ணன். வகுப்புச் சுவரிலோ, ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று எழுதியிருந்தது. அதை எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

சிரமம் ஒன்றும் இல்லை என்று போட்டுக்கொள்ளலாமா என்று அர்த்தநாரி கேட்டான். சிரமம் இல்லாதவனுக்குப் படிவம் கிடையாது, படிவம் இல்லாதவனுக்கு மனந்திறப்பு கிடையாது என்றார் காளியண்ணன்.

இரண்டு நிமிஷம் போய்விட்டது. வெங்கடாசலம் பட்டியலில் முதலாவதைத் தொட்டார். “வீட்டு நினைவு இருக்கிறதா உனக்கு?”

“ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்களே சார்.”

“போகிறாய் என்றால் நினைவு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?” லாஜிக் ஆசிரியர் அல்லவா. எழுதிக்கொண்டார். மணி அடித்தது.

பட்டியலில் ஒவ்வொரு சிரமத்துக்கும் எதிரே ஆலோசனையும் அச்சடித்திருந்தது. வீட்டு நினைவுக்கு எதிரே இருந்தது இது: குணமாகும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது.

அர்த்தநாரி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவது வீட்டு நினைவால் அல்ல. பாவுக்கு ஆள் வேண்டும். நெய்வதற்கு முன்னால் நூலையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி, அது காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துத் தேய்த்துவிடவேண்டும். அதுதான் பாவு. விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடிக்காவிட்டால் நூல் ஒட்டிக் கயிறாகிவிடும். ஒரு வீட்டு ஆள் பத்தாது; எட்டுப் பேராவது இரண்டு பக்கமும் நிற்கவேண்டும். அதனால் அந்தத் தெருவில் ஒரு வழக்கம். என் பாவுக்கு நீ வந்து நின்றால் உன் பாவுக்கு நான் வந்து நிற்பேன். கூலி என்று பேச்சே கிடையாது. வந்த கைக்குத் திரும்பப் போகாத வீட்டுக்கு அடுத்த தரம் ஆள் வராது. யாரும் சண்டை போடமாட்டார்கள். சும்மா வராமல் இருந்துவிடுவார்கள்.

பதினான்கு வாரம் அர்த்தநாரி ஊருக்குப் போகவில்லை. பதினான்கு தடவை மணி அடித்தது. பதினான்கு தடவை வெங்கடாசலம் வீட்டு நினைவு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதுவரை அவனுக்கு வீட்டு நினைவே இருந்ததில்லை. போகக்கூடாது என்று சொன்னபிறகு, பாவுக்கு அம்மா யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்ற நினைப்பிலேயே வாரம் போயிற்று. திட்டம் வேலை செய்கிறது என்று காளியண்ணன் குறித்துக்கொண்டார்.

பதினான்காவது தடவை பையன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வெங்கடாசலம் கடைசிக் கட்டத்தில் ‘குணம்’ என்று எழுதிவிட்டார். ஊருக்காவது போய் வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

மறுவாரம் அர்த்தநாரி போய் உட்கார்ந்தால், காளியண்ணன் எழுந்திரு என்றார். குணமானவனுக்கு மனந்திறப்பு எதற்கு? இன்னும் ஆறு பாக்கி இருக்கிறதே என்றான் பையன். அதற்குப் புதுச் சிரமம் வேண்டும் என்றார் காளியண்ணன். காப்பி மிகுதி என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றான். சிரமம் மாற்ற விண்ணப்பம் எழுதவேண்டும். அதைப் பேணுநர் மூலமாகத்தான் அனுப்பவேண்டும். பேணுநரைப் பார்க்க மனந்திறப்பு வேண்டும். மனந்திறப்புக்குச் சிரமம் வேண்டும். காளியண்ணன் இதைக் கோபமில்லாமல், இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னார். பழைய வீட்டு நினைவே திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் ஆகாதா? ஆகும். ஆனால் திரும்பி வந்த வியாதிக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும்.

பரீட்சை விண்ணப்பம் போக இன்னும் பத்து நாள் இருந்தது. மற்றவர்களுடைய மிச்சத்தைக் கடைசி வாரத்தில் தினம் ஒன்றாக முடிக்க ஏற்பாடு ஆகியிருந்தது.

குணமாகிவிட்டதால் ஊருக்குப் போகத் தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போனான். அங்கம்மாள் அவனைப் பார்த்துவிட்டு, இளைத்துப் போய்விட்டாயே என்றுகூடச் சொல்லவில்லை. பாவில் ஓர் இடம் காலியாக இருந்தது, அங்கே போய் நிற்கச் சொன்னாள். பாவு முடிந்து கை கழுவும்போது அவன் எல்லாவற்றையும் சொன்னான். பேணுநர், பேணப்படுநர், மணி, மூன்று நகல், எல்லாம். அங்கம்மாள் அதில் ஒன்றையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“அந்த வாத்தியாரு உனக்கோசரம் பதினாலு தரம் வந்து உக்காந்தாரா?”

“ஆமாம்மா. நாலு நாலு நிமிசம்.”

“நிமிசம் கெடக்குது. தன்ற வேலைய உட்டுப்போட்டு வந்து உக்காந்தாரா இல்லையா?”

“உக்காந்தாரு.”

“நீ அவரு ஊட்டு வேலைக்கு ஒரு நாளு போயி நின்னியா?”

“இல்லம்மா.”

அங்கம்மாள் பக்கத்து வீட்டுக் குப்பாயியைப் பார்த்தாள். குப்பாயி தலையை ஆட்டினாள். “அப்பறம் மிச்சம் ஆறு எங்கிருந்து வரும்?” என்றாள் குப்பாயி. “நம்மூட்டுப் பாவுக்குப் பதினாலு தரம் வந்தவன் ஊட்டுக்கு நாம ஒருக்காகூடப் போகலீன்னா, பதினஞ்சாவது தரம் வருவானா? அந்த மனுசன் கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு நின்னிருக்கறாரு.”

அது அப்படி இல்லை என்று அர்த்தநாரி சொல்லிப் பார்த்தான். எப்படி என்று கேட்டார்கள். காளியண்ணன் சொன்னதை அப்படியே சொன்னான். இரண்டு பேரும் கேட்டுவிட்டு, இதைவிட நாங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்றார்கள். அவனும் தலையை ஆட்டிவிட்டான். லாஜிக்தான் அவனுக்குப் புரியாதே.

புதன்கிழமை அங்கம்மாளும் குப்பாயியும் இன்னும் இரண்டு பெண்களும் முதல் பஸ்ஸில் சேலத்துக்கு வந்து இறங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஆளுக்கு ஒரு நூலுண்டை, பாவுக் குச்சிகள், கட்டுச்சோறு.

அவர்கள் வந்த நாளும் லேசான நாள் அல்ல. யுனிவர்ஸிடியிலிருந்து மூன்று பேர் கொண்ட கமிஷன் பதினோரு மணிக்குத் திட்டத்தைப் பார்வையிட வருகிறது. பிரின்ஸிபால் பூமாலையோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். முந்தின நாள் பெய்த கார்த்திகை மழையில் ஆபீஸ் கூரை ஒழுகி, ஐயாயிரத்துச் சொச்சம் படிவங்களும் அலமாரியோடு ஊறிப்போயிருந்தன. மூன்று நகலையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டும் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்பது காளியண்ணனுடைய ஏற்பாடு. அவர் இப்போது ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெங்கடாசலம் ஒரு கட்டைக் கையில் எடுத்தார். அது சோற்றைப் பிசைந்தமாதிரி கையோடு வந்தது.

வாசலில் நான்கு பெண்கள் வந்து நின்றார்கள்.

“ஏனுங்க சாமி, லாஜிக் வாத்தியாருங்கறது நீங்கதானுங்களா? நான் அர்த்தநாரிக்கு ஆத்தா. என்ற பையனுக்கோசரம் பதினாலு தரம் வந்து உக்காந்தீங்களாமா. நாங்க ஒருக்காலும் வரலீங்க. தப்புத்தானுங்க. இன்னிக்கு நாலு பேரு வந்திருக்கறோம். என்ன வேலைன்னு சொல்லுங்க.”

வெங்கடாசலம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆகஸ்டில் இருந்து அவர் அறுபத்திரண்டு பேரிடம் உன் சிரமம் என்ன என்று கேட்டிருக்கிறார். அவரை அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார். கையிலிருந்த ஈரக் கட்டைக் காட்டினார்.

குப்பாயி அதை வாங்கி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். “நனைஞ்ச பாவுதான். பிரிச்சு வெயில்ல போட்டாத் தப்பிச்சுக்கும். எந்திரீங்க, அந்த ஸ்டூல் வேணும்” என்றாள். கடைசிப் பேச்சு காளியண்ணனுக்கு. அவர் எழுந்தார்.

காலேஜ் முற்றத்தில் தூணுக்குத் தூண், வேம்புக்கு வேம்பு நூல் இழுத்துக் கட்டினார்கள். வகுப்புக்கு வந்த பையன்களை அங்கம்மாள் இரண்டு பக்கமும் நிறுத்தினாள். அந்தக் கோடியைத் தளரவிடாதே, இந்தக் கோடியைப் பிடி, ஒன்றோடொன்று ஒட்டாமல் போடு என்று அவள் சொன்னதைச் சொன்னபடி கேட்டார்கள். வெங்கடாசலமும் ஒரு கோடியைப் பிடித்தார். பிடித்ததைப் பார்த்துவிட்டு அங்கம்மாள், விரலை மடக்கிப் பிடிக்கவேண்டும் என்று திருத்தினாள். மணி அடிக்கிறவனும் நூல் பிடிக்க வந்துவிட்டதால் அன்று மணி அடிக்கவில்லை. பத்தரைக்கு ஐயாயிரம் படிவமும் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன.

காய்ந்தபிறகுதான் காளியண்ணன் ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். அச்சடித்த கட்டங்கள் இருந்தன. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. காலேஜ் மை, வில்லையைத் தண்ணீரில் கரைத்த மை. தண்ணீர் பட்டதும் போய்விட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் வெளிர்நீலமாக ஒரு கறை மட்டும் நின்றது. காளியண்ணன் அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார், ஏனென்றால் கார் வந்துவிட்டது.

கமிஷன் தலைவர் ஓய்வுபெற்ற ஜட்ஜ். முற்றத்தில் இறங்கியவர் அப்படியே நின்றார். பிரின்ஸிபால் மருதாசலத்துக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒன்றும் தெரியாமல் பேசி அவருக்குப் பழக்கம். மாணவர்களின் மனந்திறப்புகளை வருஷத்துக்கு ஒரு தரம் சூரிய வெளிச்சத்தில் வைப்பது எங்கள் மரபு என்றார்.

தலைவர் ஒரு படிவத்தைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு பேசினார்.

“நாங்கள் ஒன்பது காலேஜுக்குப் போய்வந்தோம். எல்லா இடத்திலும் படிவத்தில் ஏதாவது எழுதியிருந்தார்கள். எழுதியிருந்தால் படிக்கவேண்டியிருக்கிறது. படித்தால் அந்தப் பையனுக்கு ஏதாவது செய்யவேண்டுமோ என்று தோன்றுகிறது. அது கமிஷனுடைய வேலையே அல்ல. இங்கேதான், படிவம் இருக்கிறது, மை உபயோகப்பட்டிருக்கிறது, ஆனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இந்தத் திட்டத்தை மாகாணம் முழுவதுக்கும் சிபாரிசு செய்கிறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். அங்கம்மாளும் குப்பாயியும் வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் தட்டவில்லை. இந்தத் தடவை காளியண்ணன் பெயர் எழுதவில்லை.

கமிஷன் போனபிறகு பிரின்ஸிபால் ஒரு படிவத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

இப்போது எவனுக்கு எத்தனை மனந்திறப்பு என்று யாராலும் சொல்லமுடியாது. காளியண்ணன் விதியைப் புரட்டிவிட்டு வந்து, இரண்டே வழி என்றார். ஒன்று, நூற்று இருபத்து நான்கு பேருக்கும் பூஜ்யம். அப்படியானால் மாகாணம் முழுவதும் சிபாரிசான திட்டம் இந்தக் காலேஜில் நடக்கவே இல்லை. இன்னொன்று, நூற்று இருபத்து நான்கு பேருக்கும் இருபது. பிரின்ஸிபால் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லா விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டார். முதல் விண்ணப்பம் அர்த்தநாரியுடையது.

அவன் ஓடிவந்து சொன்னபோது அங்கம்மாள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெங்கடாசலம் வழியனுப்ப வந்திருந்தார். ஆறு பாக்கியும் கிடைத்துவிட்டதாமே, அதற்கும் நாங்கள் வந்து நிற்கவேண்டுமே என்று அவள் விரலை மடக்க ஆரம்பித்தாள்.

வெங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “வேண்டாம் அம்மா. உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறும் நடக்கவில்லை. முந்தின பதினான்கும் நடந்தமாதிரி அல்ல. உங்கள் பையன் முதல் நாளே லாஜிக் புரியவில்லை என்று சொன்னான். இன்றுவரை அதற்கு நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.”

அங்கம்மாள் மடக்கிய விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக விரித்தாள்.

“அப்படிங்களா. அப்ப நீங்க ஒருக்காலும் வரல. நாங்க நாலு பேரு வந்து நின்னுருக்கறோம்.” கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நீங்கதானுங்க எங்க பாவுக்கு வரோணும். வார ஞாயித்துக்கெழம. விடியறதுக்குள்ள வந்துருங்க.”

கேலி பண்ணுகிறாளோ என்று வெங்கடாசலம் அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. தெரு வழக்கம் அது.

சனிக்கிழமையே ராசிபுரத்துக்குப் போய் ஒரு சத்திரத்தில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பாவில் நின்றார். எதிர்ப்பக்கம் அர்த்தநாரி. கஞ்சி தடவிக்கொண்டே, எந்த இடத்தில் புரியவில்லை என்று கேட்டார். காக்கையெல்லாம் கறுப்பு, இது கறுப்பு, ஆகையால் இது காக்கை என்றால் தப்பு என்கிறீர்களே, அது ஏன் தப்பு என்றான் பையன்.

“சரி, காக்கையை விடு. இந்தப் பாவில் இருக்கிற நூலெல்லாம் வெள்ளை. என் வேட்டியும் வெள்ளை. அதனால் என் வேட்டி இந்தப் பாவில் இருக்கிறது என்று சொல்லலாமா?”

அர்த்தநாரி யோசித்தான். குப்பாயி குனிந்து பார்த்தாள்.

“இருக்குதுங்க” என்றாள். கஞ்சியில் வேட்டி ஓரம் ஒட்டிக்கொண்டு இரண்டு முழத்துக்கு அவரும் பாவும் ஒன்றாகியிருந்தார்கள்.

அதைப் பிரித்தெடுப்பதற்குள் பையனுக்குப் புரிந்துவிட்டது. வேட்டி தனியாக வந்தபிறகும் வெள்ளையாகத்தான் இருந்தது. பாவில் மட்டும் இல்லை. அதற்குப்பிறகு அவன் விடவில்லை. ஜூனில் இருந்து சேர்த்து வைத்திருந்த சந்தேகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டான். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மணி அடிக்க ஆள் இல்லை.

அந்த வழியாகக் காரில் போன யாரோ பார்த்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வெங்கடாசலத்துக்கு மெமோ வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாவுக்கு வந்தார். அடுத்த ஞாயிறு எதற்கு வந்தார் என்றால், முந்தின வாரம் வந்தது ஒரு கைதானே. இன்னும் மூன்று பாக்கி. அது என்ன காகிதம் என்று அங்கம்மாள் கேட்டாள். படித்துச் சொன்னார்.

“ராசிபுரத்தில் தெருவில் வைத்து ஒரு மாணவனுடன் மூன்று மணி நேரம் பேசியதாகத் தெரிய வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட சிரமங்களில் எந்த எண்ணின் கீழ்ப் பேசப்பட்டது? நான்கு நிமிஷத்துக்கு மேற்பட்டது ஏன்? மூன்று நகலில் படிவம் ஏன் இல்லை? ஒரு வாரத்துக்குள் சமாதானம் எழுதவும்.”

அங்கம்மாள் கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

“அவ்வளவுதானுங்களா? எழுதிக் குடுத்துருங்க சாமி” என்றாள். “நனைஞ்சு போச்சுன்னாச் சொல்லியுடுங்க. காயப்போட நாங்க வாரோம்.”